பீரோவில் பூட்டி வைக்கவா வாங்குறீங்க?

(வாசகர் கேள்விகளுக்கு, பாளையங்கோட்டையில் இதய சிகிச்சை வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, எங்கள் கல்யாண மண்டபத்தில் போன ஆவணியில் பந்தியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அப்படியே சாய்ந்துவிட்டார். முகத்தில் சோடா தெளித்தோம், கையில் சாவி கொடுத்தோம், காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். வழியிலேயே முடிந்துவிட்டது. இப்போது முதலாளி ஷாக் கொடுக்கிற மிஷின் ஒன்று வாங்கிப் போடலாம் என்கிறார். டாக்டர் இல்லாமல் அதை நாங்கள் தொடலாமா? சும்மா மயங்கினவருக்கு ஷாக் அடித்துத் தொலைத்தால்?
— மண்டப மேலாளர், வண்ணார்பேட்டை

பதில்: தாராளமா வாங்கச் சொல்லுங்க அண்ணாச்சி. ஏஇடி என்கிற அந்த மிஷினைச் செய்ததே டாக்டர் பக்கத்தில் இல்லாத நேரத்துக்காகத்தான். ஆன் பண்ணினதும் அதுவே பேசும். இரண்டு ஒட்டு இருக்கும்: ஒன்று வலது காரை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாவில். ஒட்டினதும் "யாரும் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு இதயத்தின் ஓட்டத்தைத் தானே படிக்கும். கீழறைகள் தாறுமாறாகத் துடித்து நடுங்கினால், இல்லை நாடியே கிடைக்காத வேகத்தில் ஓடினால்தான் ஷாக்குக்குச் சம்மதிக்கும். பசி மயக்கத்தில் விழுந்தவருக்கு நீங்க பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் அது அசையாது.

லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளில் செக்யூரிட்டி ஆட்களுக்கு இதைப் பழக்கிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-ல் வெளியானது. கண்ணெதிரே இப்படி இதயம் நடுங்கி விழுந்தவர்களில், 3 நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்கள் 74 சதவீதம் பேர் பிழைத்து வீடு போனார்கள். அதைத் தாண்டினவர்களில் 49. அங்கே மூலைக்கு மூலை கேமரா உண்டு, விழுந்தால் உடனே தெரியும். நம்ம கல்யாணத்திலும் கேமரா இருக்கு, மாப்பிள்ளையை விட்டு நகராது!

காரில் தூக்கிப் போட்டோம் என்றீங்களே, அங்கேதான் நேரம் போகுது. நெஞ்சை அமுக்காமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். முகூர்த்த நாள் நெரிசலில் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேருகிறதுக்குள் எத்தனை நிமிடம், நீங்களே கணக்குப் போடுங்க. கார் சீட்டில் வைத்து ஒழுங்காக அமுக்கவும் முடியாது. தரையிலேயே மல்லாக்கப் படுக்க வைங்க. ஒருத்தர் 108-ஐக் கூப்பிட, ஒருத்தர் மிஷினுக்கு ஓட, ஒருத்தர் நெஞ்சுக்கு நடுவில் இரண்டு கையும் வைத்து 5 செ.மீ. இறங்குகிற மாதிரி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்கணும். சோடா, சாவி எதுவும் வேண்டாம். கூப்பிட்டால் அசைவில்லாமல், தொண்டையில் மட்டும் எப்பவாவது கொர்ரென்று ஒரு இழுப்பு இழுத்தால், "மூச்சு இருக்குல்லா" என்று கையை எடுத்துடாதீங்க. அது மூச்சே இல்லை.

கல்யாண வீட்டுக்கென்று ஒரு விஷயம். மார்பில் சந்தனமும் விபூதியும் வேர்வையும் இருந்தால் ஒட்டு பிடிக்காது, துண்டால் அழுத்தித் துடைங்க. முடி அடர்த்தியாக இருந்தால் மழிக்க வேண்டியிருக்கும், ஒரு ரேசரும் கத்தரியும் மிஷினோடேயே கிடக்கட்டும்.

வாங்கினபிறகு நம்ம ஆட்கள் என்ன செய்வாங்க தெரியுமா? விலை ஜாஸ்தி, பிள்ளைகள் கை வைத்திடும் என்று மேனேஜர் ரூம் பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிடுவாங்க. அதற்கு வாங்காமலே இருக்கலாம். பந்திக்கூடத்து வாசல் சுவரில், கை எட்டுகிற உயரத்தில் பூட்டில்லாமல் மாட்டுங்க. ஒட்டுக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு, மிஷின் தயாராக இருக்கா என்று காட்டுகிற விளக்கை வாரம் ஒரு தடவை பாருங்க. பழக்குகிறதை முதலாளியிலிருந்து ஆரம்பிக்காதீங்க. தவசிப்பிள்ளைக்கும் வாட்ச்மேனுக்கும் பரிமாறுகிற பையன்களுக்கும் பழக்குங்க. எந்த முகூர்த்தத்துக்கும் அங்கே நிற்கிறது அவங்கதான்.

கேஸ் ஆகுமோ என்ற பயமும் இருக்கும். சம்மதம் சொல்ல முடியாத நிலையில் கிடப்பவருக்கு அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்கிறதுக்குப் பாதுகாப்பு பாரதிய நியாய சன்ஹிதா 30-ஆம் பிரிவில் இருக்கு. பழைய தண்டனைச் சட்டத்தில் 92.

கேள்வி: விழுந்தது ஒரு பெண் என்றால்? நாலு பேர் முன்னால் ஜாக்கெட்டை எப்படி அக்கா…
— கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: கத்தரியால் வெட்டும்மா. ஒட்டு வெறும் தோலில்தான் ஒட்டணும். வேடிக்கை பார்க்கிற நாலு பெண்களை முதுகு காட்டி நிற்கச் சொல்லி, ஒரு சேலையை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லு. தாலியைக் கழற்றவேண்டாம், ஒட்டு மேலே படாமல் ஒதுக்கினால் போதும். பொது இடத்தில் விழுகிற பெண்களுக்கு ஆண்களைவிட நெஞ்சமுக்கம் கிடைப்பது குறைவு என்று வெளிநாட்டு ஆய்வுகளே சொல்லுது. கூச்சம் நமக்கு மட்டும் இல்லை.

கேள்வி: குறுக்குத்துறையில் ஆற்றிலிருந்து தூக்கினவருக்கும் இதே மிஷின்தானா?
— வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: இருந்தால் போடலாம், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீங்க. மூழ்கினவருக்கு நின்றுபோனது மூச்சு. இதயம் அதனால்தான் நின்றது. முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்க, பிறகு நெஞ்சை அமுக்குங்க. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற வேலையே வேண்டாம். மிஷின் வந்தால் படித்துறை ஈரத்திலிருந்து மேலே இழுத்து, மார்பைத் துடைத்துவிட்டு ஒட்டுங்க.