32 பேர், 36 எருமைகள்

கேள்வி: டச்சு நாவலாசிரியர் முல்தாதுலி, அரசாங்க வேலை பறிபோன ஆத்திரத்தில்தான் ‘மாக்ஸ் ஹாவலார்’ எழுதினாராமே? அவரை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

பதில்: வேலை பறிபோகவில்லை, அவரே உதறிவிட்டு வந்தார். முதலில் இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

எடுவார்ட் டவ்வெஸ் டெக்கர் என்பது இயற்பெயர். 1820இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர், 18 வயதில் கப்பலேறி, டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவுக்குப் போனார். 1856 ஜனவரியில் லெபாக் பகுதிக்கு உதவி ரெசிடெண்ட், அதாவது அந்தப் பகுதியைக் கவனிக்கும் டச்சு அதிகாரி. அங்கே ரீஜெண்ட் என்ற உள்ளூர்ப் பிரபு குடியானவர்களிடம் கூலி கொடுக்காமல் வேலை வாங்குகிறார், உழவு எருமைகளைப் பிடுங்கிக்கொள்கிறார் என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் இவரையே கண்டித்து வேறு ஊருக்கு மாற்றியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, ராஜினாமா செய்துவிட்டார். அப்புறம் கடனும் அலைச்சலும்தான். 1859இல் பிரசெல்ஸில் ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து சில வாரங்களில் எழுதி முடித்ததுதான் இந்த நாவல். முல்தாதுலி என்றால் லத்தீனில் ‘நிறையப் பட்டவன்’ என்று பொருள்.

சொந்தக் கோபம் அவருக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜாவாவில் பதவியும் ஒரு விருதும் கொடுத்தால் நூலை வெளியிடாமல் விடுகிறேன் என்று பேரம்கூடப் பேசினார். இது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது.

ஆனால் அதற்காக அந்த நாவலை ஒதுக்கிவிட முடியுமா? அதில் சையிஜா என்ற சிறுவனின் அப்பாவிடம் இருந்த எருமையை அதிகாரம் உள்ளவர்கள் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பரம்பரைக் குத்துவாளை 24 கில்டருக்கு விற்று இன்னொன்று வாங்குகிறார். அதுவும் போகிறது. கொசுவலை மாட்டும் வெள்ளிக் கொக்கிகள் இரண்டை 18 கில்டருக்கு விற்று மறுபடி வாங்குகிறார். அதுவும் போகிறது. விற்க வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. நிலவரி கட்ட வழியில்லாமல் மனிதர் ஊரைவிட்டே ஓடுகிறார். இந்த இடத்தை நிறுத்தாமல் படித்துக் கடக்க என்னால் இன்றுவரை முடிந்ததில்லை.

சையிஜா கற்பனைப் பாத்திரமாக இருக்கலாம் என்று நாவலிலேயே ஒப்புக்கொள்கிறார் முல்தாதுலி. ஆனால் ஒரே வட்டாரத்தில், ஒரே மாதத்தில், 32 பேரிடமிருந்து 36 எருமைகள் பறிக்கப்பட்டன, பெயர்ப் பட்டியல் என் கையில் இருக்கிறது என்றும் சொல்கிறார். ஆத்திரம் மட்டுமே இருப்பவன் எருமைகளை எண்ணிக்கொண்டிருக்க மாட்டான்.

இன்னொன்று. 1860இல் நூலை வெளிக்கொண்டு வந்தவர் யாகோப் ஃபான் லென்னெப், அவரும் எழுத்தாளர்தான். பதிப்புரிமையைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெயர்கள் வந்த இடங்களில் வெறும் புள்ளிகளை அச்சிட்டார். முல்தாதுலி வழக்குப் போட்டும் தோற்றார். 1875 பதிப்பில்தான் அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டு ஊர்ப் பெயர்களைத் தன் கையாலேயே திரும்ப எழுதிச் சேர்த்தார்.