குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி, அதை அதிக வட்டிக்கு முதலீடு செய்தால் ஒரு நகரத்துக்கு லாபம்தானே?

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நான் குடியிருக்கும் சிறு நகரத்தின் நிதிக்குழுவில் ஊதியமில்லாத உறுப்பினராக இருக்கிறேன். வட்டி விகிதம் இறங்கும்போதெல்லாம் இதே கேள்வியை எங்கள் கூட்டத்திலும் யாராவது எழுப்புவார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்பதே என் பதில்.

நிதிக்குழுவுக்குப் பரிந்துரைக்கும் அதிகாரம் மட்டுமே உண்டு. கடன் வாங்க, வாக்காளர்கள் கூடும் ‘டவுன் மீட்டிங்’கில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதோடு, 1980இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டப்படி, புதுக் கட்டடங்களால் கூடும் தொகை நீங்கலாக, சொத்துவரியின் மொத்த விதிப்பை ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது. பள்ளிக் கட்டடக் கடனின் தவணை அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அந்தக் கடனுக்கு மட்டும் விலக்குக் கேட்டு ஊராரிடம் தனியாக வாக்குக் கோர வேண்டும். ஆகவே வட்டி எவ்வளவு என்பதைவிட, தவணையை எந்த வரவிலிருந்து கட்டுவது என்பதைப் பற்றித்தான் நாங்கள் நெடுநேரம் பேசுகிறோம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1 கோடி டாலரை 4 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுக் கடனாக வாங்குகிறோம் என்று கொள்வோம். அசலைச் சம பங்குகளாகக் கட்டினால் முதல் ஆண்டில் 9 லட்சம் டாலர் போகும், மொத்த வட்டி 42 லட்சம் ஆகும். ஆண்டுதோறும் ஒரே தொகையாகக் கட்டினால் தவணை 7.36 லட்சத்துக்குக் குறையும், ஆனால் மொத்த வட்டி 47 லட்சத்தைத் தாண்டும். நான் பெரும்பாலும் முதல் முறைக்கே கை தூக்குவேன், வரவுசெலவுத் திட்டம் இறுக்கமாக இருக்கும் ஆண்டுகளில் மற்றவர்கள் அதற்குச் சம்மதிப்பதில்லை என்றாலும்.

முதலீடு கருவூலரின் பொறுப்பு. சொத்துவரி பல ஊர்களில் காலாண்டுக்கு ஒருமுறை வருகிறது, சம்பளமோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறது. இடையில் தங்கும் பணத்தைத்தான் அவர் வட்டிக்கு விடுகிறார். வங்கி வைப்பு, பல ஊர்களின் பணத்தை ஒன்றாகச் சேர்த்து முதலீடு செய்யும் மாநிலத்தின் கூட்டு நிதி, ஓராண்டுக்குள் முதிரும் மத்திய அரசுப் பத்திரம் போன்ற சிலவற்றுக்கே சட்டம் இடம் தருகிறது. சலிப்பூட்டும் பட்டியல்தான், ஆனால் அது தேவை என்பதற்குக் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியே (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) சாட்சி.

அங்கே கருவூலராக இருந்த ராபர்ட் சிட்ரன், கவுண்டியும் நகரங்களும் பள்ளி மாவட்டங்களுமாக ஏறத்தாழ 200 அமைப்புகள் ஒப்படைத்த சுமார் 760 கோடி டாலரை நிர்வகித்தார். கையிலிருந்த பத்திரங்களையே அடகு வைத்துக் குறுகிய காலக் கடன் பெற்று, அதில் மேலும் பத்திரங்கள் வாங்கி, முதலீட்டை 2,000 கோடி டாலருக்கு மேல் பெருக்கியிருந்தார். வட்டி இறங்கிக்கொண்டிருந்த வரை பிற கருவூலர்கள் பொறாமைப்படும் அளவுக்கு வருமானம் வந்தது. 1994 ஜூன் தேர்தலில் எதிர்த்துப் போட்டியிட்டவர் இந்த ஆபத்தை எடுத்துச் சொன்னார், வாக்காளர்கள் சிட்ரனையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் 3 சதவீதமாக இருந்த மத்திய வங்கியின் வட்டி நவம்பரில் 5.5 சதவீதம் ஆனது. வட்டி ஏறினால், குறைந்த வட்டி தரும் பழைய பத்திரங்களை யாரும் பழைய விலைக்கு வாங்க மாட்டார்கள். ஆகவே அவர் வைத்திருந்த பத்திரங்களின் மதிப்பு சரிந்தது, கடன் கொடுத்தவர்கள் கூடுதல் ஈடு கேட்டார்கள். 160 கோடி டாலருக்கும் மேல் இழந்த நிலையில், டிசம்பர் 6 அன்று கவுண்டி திவால் மனு கொடுத்தது. (வட்டியின் போக்கை அறிய அவர் ஜோசியரிடமும் கேட்டிருந்தார் என்பது பின்னர் விசாரணையில் வெளிவந்தது.)

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது இன்னொரு செய்தி. வாங்குவோரின் வட்டி வருமானத்துக்கு வரிவிலக்குப் பெற்ற நகராட்சிப் பத்திரத்தில் திரட்டிய பணத்தை அதிக வட்டிக்கு விட்டுச் சம்பாதிப்பதை மத்திய வரிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கூடுதலாக ஈட்டியதைப் பொதுவாக அரசிடமே திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் ஆரஞ்சு கவுண்டியிலுள்ள அர்வைன் நகரமும் சில பள்ளி மாவட்டங்களும் வரிவிலக்கு இல்லாத பத்திரங்களை வெளியிட்டுக் கடன் வாங்கி, அந்தப் பணத்தைச் சிட்ரனின் நிதியில் போட்டிருந்தன. முதலீடு முடங்கிய பிறகும் கடனுக்கான தவணைத் தேதி மாறவில்லை.

எங்கள் ஊரில் உபரி சேர்ந்தால், ஒரு பகுதியைச் சேமநிதியில் வைத்துவிட்டு, மீதியைக் கொண்டு அடுத்த தீயணைப்பு வண்டிக்கான கடனைக் குறைக்கும்படி பரிந்துரைப்பேன். கடன் 4 சதவீதம் என்றால் அங்கே மிச்சமாவதும் 4 சதவீதம், அது எந்தச் சந்தை நிலவரத்தையும் நம்பியிருப்பதில்லை.