தம்பியோடு எடின்பரோ: பப்பில் காசு கொடுப்பது யார்?

கேள்வி: கிளிநொச்சியில், இரணைமடுக்குளத்தின் கீழ் நாலு ஏக்கர் வயல் செய்கிறேன். வயது 52. லண்டனில் இருக்கும் தம்பி இந்த முறை தானே விமான ரிக்கெற் போட்டுக் கூப்பிடுகிறான். சிறுபோகம் வெட்டிய கையோடு ஓகஸ்ட்டில் வரட்டாம். அவன் வீட்டில் தங்கல். இடையில் மூன்று இரவு ஸ்கொட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்கு நாங்கள் இரண்டு பேரும் போய், பழைய கோட்டை எல்லாம் பார்த்து, அங்கே இருக்கும் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரோடு பின்னேரங்களில் பப்புக்கும் போவதாகத் திட்டம். "அண்ணை, நீங்கள் ஒரு சதமும் கொண்டு வரத் தேவையில்லை" என்கிறான். பத்து வருடத்துக்கு மேலாக அவன் அனுப்பிய காசில்தான் வீட்டுக்குக் கூரை போட்டோம். அங்கேயும் போய், அவன் கொடுக்கக் கொடுக்க நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்க ஏலாது. கையில் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது, பெரும்போகத்துக்கு எடுத்து வைத்தது. அதைத் தொடலாமா, இல்லை மனைவியின் காப்பு இரண்டை அடகு வைக்கலாமா? விசாவுக்குக் கணக்கில் காசு காட்ட வேண்டும், பத்து லட்சம் கைமாற்று வாங்கிப் போடு என்றும் ஒருவர் சொல்கிறார்.

பதில்: அண்ணை, 3 லட்சத்தையும் தொடாதீர்கள், காப்பையும் கழற்ற விடாதீர்கள். பத்து லட்சம் சொன்னவரிடம் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அதற்காக வெறுங்கையோடு போகச் சொல்லவும் மாட்டேன். எடின்பரோவில் நாலு நாளும் தலை நிமிர்ந்து நிற்க உங்களுக்கு 60,000 ரூபாய் போதும். ஒரு பவுண்ட் 400 ரூபாய் என்று வைத்தால் அது 150 பவுண்ட்ஸ். கணக்குச் சுகமாக இருக்கட்டும் என்று 400 போட்டிருக்கிறேன். மாற்றும் நாளில் வங்கி சொல்லும் விலையைப் பாருங்கள்.

முதலில் வயல் காசு. ஓகஸ்ட்டில் போய்ச் செப்டெம்பரில் திரும்பினால், வந்து இறங்கியதும் உழவு, விதைநெல், உரம் என்று காசு கேட்கும். 3 லட்சத்தில் ஒரு லட்சம் குறைந்தால் அந்த ஒரு லட்சத்துக்கு நீங்கள் கடைக்காரரிடம் கொப்பியில் எழுதி உரமும் மருந்தும் எடுப்பீர்கள். அவர் வட்டி என்று வாயால் சொல்லமாட்டார். வெட்டு மெசின் வயலை விட்டு ஏறும்போது அவருடைய லொறி வரம்பில் நிற்கும். ஈரநெல்லு அவர் சொன்ன விலைக்குப் போகும், காயவைத்து விலை ஏறும்வரை வைத்திருக்க உங்களுக்கு வழி இருக்காது. பயணத்துக்கு எடுத்த ஒரு லட்சம் உண்மையில் எவ்வளவு என்பது அன்றைக்குத்தான் தெரியும். நான் பார்த்த கணக்குகளில் வன்னி விவசாயி தோற்பது அதிகமும் இந்த இடத்தில்தான்.

காப்புக் கதை சுருக்கம். விதைப்புக்கு அடகு வைத்தால் அறுவடை வந்து மீட்கும். சுற்றுலாவுக்கு வைத்தால் மீட்க எது வரும்? தம்பிதான் அனுப்புவான். அப்போது அவன் காசில் பப்புக்குப் போனதும் இதுவும் ஒன்றுதான், நடுவில் அடகுக்கடை வட்டி மட்டும் கூட.

விசாவுக்கு வருவோம். ஆறு மாதப் பார்வையாளர் விசாவின் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்ட்ஸ் ஆனது. விண்ணப்பிக்கும் நாளில் எவ்வளவு என்று பாருங்கள், மறுத்தால் அந்தக் காசு திரும்பி வராது. கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்பதோடு அது எங்கிருந்து வந்தது என்பதையும் அதிகாரி பார்ப்பார். நெல்லு விற்ற காசு பருவத்துக்குப் பருவம் விழுந்து, வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் கணக்குப் புத்தகம் உங்கள் கதையைத் தானே சொல்லும். விண்ணப்பத்துக்கு முதல் கிழமை திடீரென்று பத்து லட்சம் விழுந்தால் அதே புத்தகம் உங்களுக்கு எதிராகப் பேசும். செலவைத் தம்பி ஏற்கிறார் என்றால் அதை அப்படியே எழுத்தில் சொல்லுங்கள்: அவருடைய கடிதம், சம்பள விபரம், வங்கிக் கூற்று, நீங்கள் இரண்டு பேரும் சகோதரர் என்று காட்டும் பிறப்புச் சான்றிதழ்கள். உங்கள் பக்கத்தில் காணிப் பத்திரமும் கமக்கார அமைப்பின் கடிதமும் இருந்தால், திரும்பி வர உங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பது தெரியும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று: ஏன் ஓகஸ்ட்? எடின்பரோவில் ஓகஸ்ட் என்றால் திருவிழா மாதம். 1947 இல் தொடங்கிய சர்வதேசக் கலை விழா, அதோடு சேர்ந்து வளர்ந்த ஃபிரிஞ்ச் விழா, கோட்டை முன்றலில் இராணுவ இசை அணிவகுப்பு எல்லாம் அந்த மாதம்தான். நல்லூர்த் தேருக்கு யாழ்ப்பாணத்தில் அறை தேடிய ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அறை வாடகை மற்ற மாதங்களின் இரட்டிப்புக்கும் மேலே போகும். அது தம்பியின் காசு என்று விட்டுவிடாதீர்கள். அவனுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி பப்பில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. மூன்று இரவு அறையை ஓகஸ்ட்டில் இருந்து மே மாதத்துக்கு மாற்றினால் அவன் பையில் மிஞ்சும் காசு, நீங்கள் அங்கே கொண்டுபோய்ச் செலவழிக்கப் போகும் 150 பவுண்ட்ஸை விடக் கூடவாக இருக்கலாம்.

மே மாதம் உங்கள் பக்கத்துக்கும் தோதானது. பெரும்போக நெல்லு விற்ற காசு கையில் இருக்கும், 60,000 அதிலிருந்து எடுக்கலாம். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் உங்கள் பங்கு என்னவென்று தெரிந்த பிறகு நாளை முடிவு செய்யுங்கள். விதைத்துவிட்டுப் போவதானால் தண்ணி கட்ட ஒரு ஆளை விட வேண்டும். அந்தக் கூலியும் பயணச் செலவுதான், 60,000 க்கு வெளியே எழுதுங்கள். மார்ச் இன்னும் மலிவு, ஆனால் எங்கள் உடம்புக்கு அந்தக் குளிரும் காற்றும் சரிவராது. ஸ்கொட்லாந்து அணியின் றகர் போட்டி நடக்கும் சனிக்கிழமைகளில் அறை விலை அப்போதும் எகிறும். மே கடைசியில் இரவு ஒன்பதரை மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஒரு நாள் காசுக்கு ஒன்றரை நாள் பார்க்கலாம்.

அறையைப் பழைய நகரின் நடுவில் எடுக்கச் சொல்லாதீர்கள். லீத் என்ற துறைமுகப் பகுதியில் பொதுவாக விலை குறைவு. 2023 ஜூனில் இருந்து ட்ராம் அங்கே போகிறது, விமான நிலையத்துக்கும் அதே ட்ராம்தான். இன்னொன்று, 2026 ஜூலை 24 முதல் எடின்பரோவில் தங்குபவர்களிடம் அறைக் கட்டணத்தில் 5 வீதம் நகர வரி எடுக்கிறார்கள், தொடர்ந்து ஐந்து இரவு வரைக்கும். தம்பி விலை ஒப்பிடும்போது அது சேர்ந்த விலையா என்று பார்க்கட்டும்.

பார்க்கும் இடங்களில் காசு அதிகம் போகாது. அந்த ஊரின் பழைய நகரும் புதிய நகரும் சேர்ந்து 1995 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியவை, தெருவில் நடப்பதே பார்ப்பதுதான். தேசிய அருங்காட்சியகம் இலவசம். 1996 இல் குளோனிங் என்ற படியாக்க முறையில் பிறந்த டொலி என்ற செம்மறி ஆடு அங்கே பாடம் செய்து நிற்கிறது, ஆடு மாடு வளர்த்த கண்ணுக்கு அது அரை மணி நேர வேலை. கால்ற்றன் குன்றில் ஏறி நகரத்தைப் பார்க்க ஒரு சதமும் இல்லை. முழங்கால் இடம் கொடுத்தால் 251 மீற்றர் உயரமான ஆதர்ஸ் சீற் மலையும் இருக்கிறது. மேல்தட்டு பஸ்ஸில் ஊர் சுற்றிக்காட்டும் ரிக்கெற்றை நான் எடுக்கமாட்டேன். அவ்வளவு சின்ன ஊரை நடந்தே பார்த்துவிடலாம்.

காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது கோட்டை ஒன்று. ஆளுக்கு 20 பவுண்ட்ஸுக்கு மேல் வரும், இணையத்தில் முன்கூட்டி எடுத்தால் வாசல் விலையை விடக் குறைவு. இதை உங்கள் செலவாக எடுங்கள், தம்பிக்கும் சேர்த்து. அவனுடைய கார்டில் பதிவு செய்யச் சொல்லி, லண்டனில் இறங்கிய அன்றே காசை எண்ணிக் கையில் கொடுங்கள். ஸ்கொட்லாந்து அரசர்களின் கிரீடமும் மொன்ஸ் மெக் என்ற 15 ஆம் நூற்றாண்டுப் பெரும் பீரங்கியும் அங்கே இருக்கின்றன. அரசர்கள் முடிசூடிய கல்லைப் பார்க்கலாம் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும். அது 2024 இல் பேர்த் நகரத்துக்குப் போய்விட்டது, தேடாதீர்கள். ஞாயிறு தவிரப் பெரும்பாலும் எல்லா நாளும் பகல் ஒரு மணிக்குக் கோட்டையில் ஒரு பீரங்கி வெடிக்கும். கப்பல்காரர் மணிக்கூட்டைச் சரிபார்க்க என்று 1861 இல் தொடங்கியது. முதலே சொல்லி வைக்கிறேன், தெரியாமல் நின்றால் எங்கள் ஊர் ஆட்கள் நிலத்தில் விழுந்து படுத்துவிடுவார்கள். வெளித்தெருவில் நின்றாலும் கேட்கும், அதற்கு ரிக்கெற் தேவையில்லை.

இனிப் பப். உங்கள் கேள்வியின் முள் இங்கேதான் குத்துகிறது.

அங்கே மேசைக்கு வந்து யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களே கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசைக் கட்டி, கிளாஸைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். கவுண்டரில் ரிப்ஸ் வைக்கும் வழக்கமும் இல்லை. கூட்டமாகப் போனால் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவதில்லை. ஒருவர் எழும்பி எல்லாருக்கும் வாங்குவார், அது முடிய அடுத்தவர். இதை ரவுண்ட் என்பார்கள். ஒரு பைண்ட் பியர் 568 மில்லிலீற்றர், நகர நடுவில் 5 முதல் 7 பவுண்ட்ஸ். நாலு பேருக்கு 6 படி 24 பவுண்ட்ஸ், அதாவது 9,600 ரூபாய். இங்கே ஒரு ஆளுக்கு நாட்கூலி 3,000 என்றால் மூன்று ஆளின் ஒரு நாள் வேலை ஒரு தட்டில் வந்து போகிறது. நாலு பேரும் ஆளுக்கொரு ரவுண்ட் எடுத்தால் ஒவ்வொருவர் வயிற்றிலும் நாலு பைண்ட். இரண்டோடு போதும் என்கிறவரும் முறைக்கு வெட்கப்பட்டு நாலு குடிப்பார், நாலுக்குக் காசும் கொடுப்பார்.

ஆகவே முதல் ரவுண்டை நீங்கள் எடுங்கள். உள்ளே போய்க் கதிரையில் இருக்க முதலே, தம்பி கையைப் பொக்கெற்றுக்குள் விட முதலே, "இது என்ர" என்று சொல்லிக் கவுண்டருக்குப் போய்விடுங்கள். கூட்டம் மிகச் சிறியதாக இருப்பது அந்த நேரம்தான். எட்டு மணிக்குக் கூட்டாளியின் கூட்டாளி வருவார், ஒன்பதுக்கு இன்னொருவர் மனைவியோடு வருவார், கடைசி ரவுண்ட் ஏழு பேருக்கு. முதலில் கொடுத்தவர் யாருக்கும் கடமைப்பட்டவர் இல்லை. அதற்குப் பிறகு அரைப் பைண்டுக்கோ சோடாவுக்கோ மாறலாம், ஒருவரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள். ஸ்கொட்லாந்தில் கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். இரண்டு பின்னேரத்துக்கு இரண்டு ரவுண்ட், 50 பவுண்ட்ஸ். உங்கள் 150 இல் கோட்டைக்கு 45, இதற்கு 50, மிச்சம் 55 பகல் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும். மூன்றாவது பின்னேரமும் எழும்பத் தோன்றினால் இருந்த இடத்தில் இருங்கள்.

விஸ்கியில் கவனம். சிங்கிள் என்றால் 25 அல்லது 35 மில்லிலீற்றர்தான், ஒரு மிடறு. பெயர் தெரியாத பழைய மோல்ட் ஒன்றை விலை கேட்காமல் நாலு பேருக்குச் சொன்னால் அன்றைக்கே உங்கள் 150 முடியும். "கடையில் போத்தல் எடுத்து அறையில் வைத்துக் குடிப்போம்" என்று தம்பி சொல்லக்கூடும். அதுவும் எங்கள் ஆட்கள் நினைக்கும் அளவுக்கு மலிவில்லை. 2024 செப்டெம்பர் கடைசியில் இருந்து அங்கே ஒரு அலகு மதுவுக்கு (10 மில்லிலீற்றர் சுத்த அல்ககோல்) ஆகக் குறைந்த விலை 65 பென்ஸ். 40 வீத விஸ்கி 700 மில்லிலீற்றர் போத்தலில் 28 அலகு, 18 பவுண்ட்ஸ் 20 பென்ஸுக்குக் கீழே எந்தக் கடையும் விற்க முடியாது. இரவு பத்துக்குப் பிறகு கடையில் மதுவும் இல்லை. வாங்குவதென்றால் லண்டனில் பாருங்கள்.

எந்தப் பப் என்று நான் சொல்வது அழகில்லை, ஆனாலும் அருங்காட்சியகத்துக்குக் கிட்ட சாண்டி பெல்ஸ் என்று ஒன்று இருக்கிறது, நாட்டுப்புற இசைக்காரர்கள் வந்து மேசையைச் சுற்றி இருந்து வாசிப்பார்கள். ஒரு அரைப் பைண்டோடு இரண்டு மணி நேரம் கேட்கலாம். கோட்டையில் இருந்து இறங்கும் தெருவில் டீக்கன் புரோடி என்பவரின் பெயரில் ஒன்று. பகலில் மரியாதையான தச்சு வேலைக்காரர், நகரசபை உறுப்பினர், இரவில் வாடிக்கையாளர் வீட்டுத் திறப்பைப் பிரதி எடுத்துத் திருடியவர், 1788 இல் தூக்கில் போட்டார்கள். பணம் கைமாற்றுத் தரும் சில ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த மனிதர் நினைவுக்கு வருவதுண்டு.

காசை அனுமதி பெற்ற நாணயமாற்றுக் கடையிலோ வங்கியிலோ மாற்றி, ரசீதைக் கடவுச்சீட்டோடு வையுங்கள். சில பப்புகள் தாள் காசு வாங்காது. அப்படியான இடத்தில் தம்பி கார்டைத் தட்டட்டும், நீங்கள் தாளை அவன் சட்டைப் பையில் வையுங்கள். உங்களிடம் இலங்கை வங்கி அட்டை ஏதும் இருந்து, மெசின் "ரூபாயிலா பவுண்ட்ஸிலா" என்று கேட்டால் பவுண்ட்ஸை அமத்துங்கள். ரூபாயை அமத்தினால் அவர்கள் போடும் மாற்றுவிலை உங்கள் தலையில். எடின்பரோவில் மிச்சக் காசாக ஸ்கொட்லாந்து வங்கிகள் அச்சிட்ட தாள்கள் கிடைக்கும். அதுவும் நல்ல காசுதான், ஆனால் கொழும்பில் மாற்ற அலைய வேண்டி வரும், லண்டனிலேயே செலவழித்துவிடுங்கள்.

ரயிலுக்குத் தம்பியிடம் இப்படிச் சொல்லுங்கள்: இரண்டு பேர் எப்போதும் சேர்ந்து போவதற்கென்று 35 பவுண்ட்ஸில் ஒரு கழிவு அட்டை இருக்கிறது, ரிக்கெற்றில் மூன்றில் ஒரு பங்கு குறையும், கிழமை நாட்களில் காலை ஒன்பதரைக்குப் பிறகுதான் செல்லும். மலிவு ரிக்கெற்றுகள் பயணத்துக்கு ஏறத்தாழ 12 கிழமை முன்னர் விற்பனைக்கு வரும். மே கடைசி என்றால் அது மார்ச் தொடக்கம். அதற்குள் நெல்லு விற்று முடிந்திருக்கும், விசா முடிவும் வந்திருந்தால் உடனே எடுக்கச் சொல்லலாம்.