நுண்ணுயிர்களைப் படமாக வரைவது: கேள்வி பதில்

வைரஸ், பாக்டீரியா, மனித செல் ஆகியவற்றைப் படமாக்குவது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். நோய், மருந்து பற்றிய கேள்விகள் மட்டும் வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள்: எந்தப் படமானாலும், 1 மைக்ரோமீட்டர் என்பது உங்கள் தாளில் எத்தனை சென்டிமீட்டர் என்று மூலையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். அதை எழுதாமல் எந்தப் படத்தையும் திருத்தித் தர இயலாது.

கவின்: மேடம், ரத்தக் குழாய்க்குள் சிவப்பணு, வெள்ளையணு, பாக்டீரியா, கொரோனா வைரஸ் நான்கும் ஒரே போஸ்டரில் தெரிய வேண்டுமாம். எப்படி அமைப்பது?

ஒரே அளவில் அமைக்க முடியாது. கணக்கைப் பாருங்கள். 1 மைக்ரோமீட்டருக்கு 10 செ.மீ. என்று வைத்தால் சிவப்பணு 75 செ.மீ. அகலத் தட்டு. ஈ. கோலை பாக்டீரியா சுமார் 20 செ.மீ. நீளம். கொரோனா வைரஸ் 1 செ.மீ. அதன் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரத முள் 2 மி.மீ. சிவப்பணு முழுதாகத் தாளுக்குள் வரவேண்டும் என்று பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் வைரஸ் 1 மி.மீ. புள்ளியாகிவிடும், முள் கண்ணுக்கே தெரியாது.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, செல்களைச் சரியான அளவில் வரைந்து, வைரஸைத் தனி வட்டத்துக்குள் பெரிதாக்கிக் காட்டி, அந்த வட்டத்துக்குத் தனி அளவுகோடு போடுவது. மற்றொன்று, பார்வையை வைரஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது. அப்போது செல்லின் மேற்பரப்பு பின்னணியில் பெரிய சுவராக நிற்கும். போஸ்டருக்கு இதுதான் நன்றாக வரும்.

இன்னும் இரண்டு விஷயம். சிவப்பணு பல நூறு இருந்தால்தான் வெள்ளையணு ஒன்று இருக்கும். பாதிக்குப் பாதி வரையாதீர்கள். கொரோனாவை ரத்தத்தில் மிதக்கவிடுவதும் பொருத்தமில்லை. அது முதன்மையாகத் தொற்றுவது மூச்சுப் பாதையின் செல்களை. களத்தை அங்கே மாற்றச் சொல்லிப் பாருங்கள்.

மீனா: கொரோனா வைரஸுக்கு எத்தனை முள் வரைய வேண்டும்?

சராசரியாக 25 அளவில். 2020-இல் உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தபோது கிடைத்த கணக்கு இதை ஒட்டித்தான் வந்தது; வைரஸுக்கு வைரஸ் கூடும், குறையும். 2020 ஜனவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்காக அலிசா எக்கர்ட்டும் டான் ஹிக்கின்ஸும் செய்த சாம்பல் உருண்டை, சிவப்பு முள் படத்தில் முள்கள் நெருக்கமாக இருக்கும். மக்கள் நினைவில் நிற்க வேண்டிய படம் அது, எண்ணிக்கை சொல்லும் படம் அல்ல. அதைப் பார்த்து வரைந்தால் அதன் நெருக்கமும் உங்கள் படத்துக்குள் வந்துவிடும்.

முள்களைச் செங்குத்தாக நிறுத்தாதீர்கள். தண்டில் மூன்று இடங்களில் மடங்கும், ஆகவே ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாயும். இடைவெளியும் ஒழுங்காக இருக்காது. ஓரிடத்தில் இரண்டு மூன்று கூடி நிற்கும், இன்னோரிடம் வெறுமையாக இருக்கும். முள்ளின் வடிவத்துக்குப் புரதத் தரவு வங்கி என்ற இணையத் தொகுப்பில் இரண்டு கோப்புகள் உண்டு: 6விஎக்ஸ்எக்ஸ் என்ற எண்ணில் மூடிய நிலை, 6விஎஸ்பி என்ற எண்ணில் ஒரு பகுதி நிமிர்ந்த நிலை. இரண்டும் இலவசம். மூலக்கூறுகளைக் காட்டும் கைமெராஎக்ஸ் மென்பொருளில் திறந்து, மேற்பரப்பாக மாற்றி, முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளுக்கு ஏற்றுமதி செய்யலாம். அந்தக் கோப்புகளில் தண்டின் அடிப்பகுதியும் சவ்வுக்குள் இருக்கும் பகுதியும் இல்லை. அதைச் சேர்க்காமல் ஒட்டினால் முள் குட்டையாக, சவ்வின் மேல் உட்கார்ந்ததுபோல் தெரியும்.

அருள்: அக்கா, ஒரு வைரஸின் புரத ஓடு முழுவதையும் அறுகோணங்களால் மூடப் பார்க்கிறேன். எங்கேயாவது ஒரு இடத்தில் கோணல் விழுகிறது. மென்பொருள் கோளாறா?

மென்பொருள் சரியாகத்தான் இருக்கிறது. மும்மூன்றாகச் சந்திக்கும் அறுகோணங்களை மட்டும் வைத்து உருண்டையை மூடவே முடியாது. ஐங்கோணம் கலந்தே ஆக வேண்டும், அதுவும் சரியாக 12. அறுகோணம் எத்தனை கூடினாலும் ஐங்கோணம் 12-தான்.

இருபது முக்கோண முகங்களும் 12 முனைகளும் கொண்ட உருவத்திலிருந்து தொடங்குங்கள். சில புரதங்கள் சேர்ந்த தொகுதிதான் ஓர் அலகு: முனைகளில் ஐங்கோண அலகு, முகங்களிலும் விளிம்புகளிலும் அறுகோண அலகு. ஒவ்வொரு முக்கோண முகமும் எத்தனை சிறு முக்கோணங்களாகப் பிரிகிறது என்பதுதான் டி எண். மொத்த அலகுகள் எத்தனை என்பதை அது சொல்லும்: 10-ஐ டி எண்ணால் பெருக்கி 2 கூட்ட வேண்டும். ஹெர்பிஸுக்கு டி எண் 16, அலகுகள் 162. அடினோவைரஸுக்கு 25, அலகுகள் 252. அவற்றில் 240 அறுகோணம், 12 ஐங்கோணம்.

பிளெண்டரில் இந்த இருபது முக உருவத்திலிருந்து பிறக்கும் ஐகோ ஸ்பியர் என்ற உருண்டையை எடுத்து உட்பிரிவு 2 என்று வைத்தால் 42 முனைகள் வரும். இது ஹெபடைடிஸ் பி-யின் டி எண் 4 ஓட்டுக்கு அப்படியே பொருந்தும். உட்பிரிவு 3 என்றால் 162, ஹெர்பிஸ் தயார். ஒவ்வொரு முனையிலும் ஓர் அலகை அமர்த்தினால் போதும். அடினோவைரஸுக்கு இந்தக் குறுக்குவழி உதவாது, ஏனென்றால் உட்பிரிவு ஒவ்வொரு முறையும் விளிம்பை இரண்டாகத்தான் வெட்டும். 252 வேண்டுமானால் ஐந்தாக வெட்ட வேண்டும்.

பாப்பிலோமா வைரஸ் மட்டும் தனி ரகம். டி எண் 7, அலகுகள் 72, அத்தனையும் ஐந்து புரதங்கள் கொண்டவை. ஆறு பக்கமும் அண்டை அலகு சூழ்ந்த இடத்திலும் ஐந்து புரத அலகுதான் உட்கார்ந்திருக்கும். டி எண் 7-க்கு இடம்புரி, வலம்புரி வேறுபாடும் உண்டு. பக்க வடிவமைப்புக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டால் அது வேறு வைரஸாகிவிடும். பக்கம் வடிவமைப்பவரிடம் இதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

தாமரை: எந்த டேப்லெட், எந்த பிரஷ் நல்லது?

கைக்குப் பழகியது. இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

நிலா: பாடப் படங்களில் பாக்டீரியாவுக்குள் வெளிர்நீலத் தண்ணீரும் நாலைந்து புள்ளிகளும்தான் இருக்கின்றன. உண்மையிலேயே அவ்வளவு காலியா?

இல்லவே இல்லை. ஈ. கோலைக்குள் ஒரு மில்லிலிட்டருக்கு 300 மில்லிகிராம் அளவில் புரதம், டிஎன்ஏ போன்ற பெருமூலக்கூறுகள் இருக்கின்றன. கன அளவில் 20 முதல் 30 விழுக்காடு. இரண்டு புரதங்களுக்கு நடுவே இன்னொரு புரதம் நுழைய இடம் இருந்தாலே அதிகம். விஞ்ஞானியும் ஓவியருமான டேவிட் குட்செல் நீர்வண்ணத்தில் பத்து லட்சம் மடங்கு பெருக்கி வரையும் படங்கள் இந்த நெரிசலைத்தான் காட்டுகின்றன.

நீங்களும் வரையலாம். பத்து லட்சம் மடங்கு என்றால் 1 நானோமீட்டர் 1 மி.மீ. ஆகும், 25 செ.மீ. தாளில் 250 நானோமீட்டர் அகலத் துண்டு அடங்கும். முதலில் சவ்வு, 4 மி.மீ. தடிமன். ஈ. கோலைக்கு உட்சவ்வு, வெளிச்சவ்வு என இரண்டு. நடுவே மெல்லிய சுவர். அடுத்து புரதம் செய்யும் ரைபோசோம், 20 முதல் 25 மி.மீ. பிறகு 2 மி.மீ. அகலத்தில் டிஎன்ஏ இழை. கடைசியாக மீதி இடமெல்லாம் 4, 5 மி.மீ. புரதங்கள். பெரியதிலிருந்து சிறியதற்கு வர வேண்டும். மாற்றிச் செய்தால் ரைபோசோமுக்கு இடம் இராது. தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்காதீர்கள், ஏனென்றால் அளவு கெட்டுவிடும். நிறத்தைப் புரதவாரியாகக் கொடுக்காமல் இடவாரியாகக் கொடுங்கள்: சுவருக்கும் சவ்வுக்கும் ஒரு குடும்பம், உள்ளே ஒரு குடும்பம், டிஎன்ஏவுக்கு ஒன்று. இல்லாவிட்டால் படம் வெறும் பொட்டுப் பொட்டாகப் போய்விடும்.

இளங்கோ: நான் ஆசிரியன். நெரிசல் படத்தைக் காட்டினால் மாணவர்கள் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எதையும் கவனிப்பதில்லை. வகுப்புக்குக் காலிப் படம்தான் சரி.

நிலா: சார், அந்தக் காலிப் படத்தில் படித்தவர்கள்தான் செல் என்றால் தண்ணீர்ப் பை என்று நினைக்கிறார்கள். பொய்யை எளிமை என்று சொல்லக் கூடாது.

இளங்கோ சார் சொல்வதில் பாதி சரி. படத்திலிருந்து ஒன்றை விட்டுவிடுவது பொய்யல்ல. எல்லாவற்றையும் காட்டுகிற படம் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. ஆனால் விட்டவர்கள் அதோடு நிற்பதில்லை. மிஞ்சியதை ஊதிப் பெரிதாக்கி அந்த இடத்தை நிரப்புகிறார்கள். தவறு அங்கேதான். பாக்டீரியாவை 20 செ.மீ. நீளமாக வரைந்தால் ரைபோசோம் 2 முதல் 2.5 மி.மீ. இருக்க வேண்டும். பாடப் படங்களில் அது 1 செ.மீ. வரை வீங்கியிருக்கும். டிஎன்ஏ 0.2 மி.மீ. இழை, கயிறுபோல வரைகிறார்கள். அந்த இழையின் முழு நீளம் இந்த அளவில் 160 மீட்டர் என்பது மாணவருக்குத் தெரிந்தால், அது எப்படி உள்ளே மடிந்து கிடக்கிறது என்று தானே கேட்பார். கயிற்றுப் படம் அந்தக் கேள்வியையே எழவிடாது.

இளங்கோ: 2 மி.மீ. புள்ளியை எந்த மாணவர் பார்ப்பார்?

பார்க்க வேண்டியது அந்தப் புள்ளி என்றால் அதற்குத் தனிப் பெரிதாக்கம் கொடுங்கள். முழுப் படத்தில் எல்லாம் சரியான அளவில் இருக்கட்டும். நெரிசலை ஒரே சாம்பல் குடும்பத்தில், குறைந்த வேறுபாட்டோடு வையுங்கள். அன்றைய பாடம் எதுவோ அதற்கு மட்டும் அழுத்தமான நிறம். சாம்பல் பகுதிக்கு "பிற புரதங்கள்" என்று ஒரு பெயர் எழுதிவிட்டால் அது காலி இடம் அல்ல என்பது விளங்கிவிடும்.

நிலா: அதுவும் சமரசம்தானே? பொருள்கள் அசையாமல் நிற்பதுபோலத் தெரிகிறதே.

அசைவு எந்த நிலைப்படத்திலும் வராது. குட்செல் படத்திலும் வராது. அதைக் குறையாகப் பிடித்தால் வரைவதையே நிறுத்த வேண்டும்.

இளங்கோ: சாம்பல் முறையை அடுத்த பாடத்தில் முயன்று பார்க்கிறேன். ரைபோசோம் அளவையும் திருத்திக்கொள்கிறேன்.

சுடர்: விவாதத்தில் என் கேள்வி மேலே போய்விட்டது. கொரோனாவில் முள் எத்தனை, எந்த நிறம்?

எண்ணிக்கை மேலே மீனாவுக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது. நிறம் எதுவும் இல்லை: கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர், வைரஸோ 100. எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் கறுப்பு வெள்ளைதான். நிறம் பிறகு ஏற்றியது. விருப்பமான நிறம் கொடுங்கள், ஆனால் செயற்கை நிறம் என்று குறிப்பு எழுதுங்கள். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள். நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். பச்சைக்கு மெஜந்தா, நீலத்துக்கு ஆரஞ்சு.

வேலன்: டிஎன்ஏ திருகு எந்தப் பக்கம்?

வலப்பக்கம். நிமிர்த்தி வைத்துப் பாருங்கள்: முன்னால் தெரியும் இழை கீழ் இடமிருந்து மேல் வலத்துக்கு ஏற வேண்டும். தலைகீழாக்கினாலும் இது மாறாது, கண்ணாடிப் பிம்பமாக்கினால் மாறிவிடும். அகலம் 2 நானோமீட்டர், ஒரு சுற்று சுமார் 3.4 நானோமீட்டர், அதில் 10.5 படிகள். இரண்டு பள்ளங்களில் ஒன்று அகலம், ஒன்று குறுகல். இரண்டையும் சமமாக வரைந்தால் முறுக்கிய ஏணிதான் கிடைக்கும்.

யாழினி: மாணவர் நுண்ணோக்கி ஒன்று இருக்கிறது. பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியைப் பார்த்து வரைய எங்கிருந்து தொடங்குவது?

முதலில் பார்வை வட்டத்தை அளந்துகொள்ளுங்கள். கண்ணருகு வில்லையில் பொறித்த புல எண்ணைப் பொருளருகு வில்லையின் பெருக்கத்தால் வகுத்தால் வட்டத்தின் விட்டம் மி.மீ.யில் வரும். எண் 18, வில்லை 10 மடங்கு என்றால் 1.8 மி.மீ.; 40 மடங்கு என்றால் 0.45 மி.மீ. பாரமீசியம் காடேட்டம் பெரும்பாலும் 0.2 முதல் 0.3 மி.மீ. ஆகவே 10 மடங்கில் வட்டத்தின் ஒன்பதில் ஒன்று முதல் ஆறில் ஒன்று வரை இருக்கும். உங்கள் தாளிலும் இதே விகிதம் வருகிறதா என்று பாருங்கள்.

வேகத்தைக் குறைக்க ஒரு துளி மெத்தில் செல்லுலோஸ் கரைசல். துளியின் மேல் வைக்கும் மெல்லிய மூடுகண்ணாடிக்கு அடியில் நீர் வற்ற வற்ற உயிரி தட்டையாகும், அகலம் கூடும், பிறகு வெடிக்கும். அகலமாகத் தெரியத் தொடங்கியதுமே ஓரத்தில் ஒரு துளி நீர் விடுங்கள். நுண்திருகை மெல்லத் திருப்பி மேல்தளம், நடுத்தளம், அடித்தளம் மூன்றையும் தனித்தனியாகக் குறித்துவிட்டு ஒன்றாக்குங்கள். வாய்ப்பள்ளம் ஒரு தளத்தில் தெரியும், உட்கரு இன்னொன்றில். ஒரு தளத்தை மட்டும் வரைந்தால் உறுப்புகள் பாதி காணாமல் போகும். 2எச் பென்சில், ஒரே இழுப்பில் கோடு, நிழலுக்குத் தேய்ப்பதற்குப் பதில் புள்ளி. சுருங்கும் நுண்குமிழி இரண்டும் ஒரே நேரத்தில் முழுதாக விரிந்திருப்பது அபூர்வம். ஒன்றை விரிந்தும் மற்றதைச் சுருங்கியும் காட்டுங்கள்.

பெயர் வேண்டாம்: என் ரத்தப் பரிசோதனைப் படத்தில் இருக்கும் ஊதாப் புள்ளி என்ன?

மருத்துவரிடம் காட்டுங்கள். இங்கே சொல்ல முடியாது.

குமரன்: பாக்டீரியாவின் கசையிழையை எப்படி வளைப்பது?

வாலாக ஆட்டாதீர்கள். அது விறைப்பான திருகுச்சுருள், அடியில் உள்ள மோட்டார் அதைச் சுழற்றுகிறது. ஈ. கோலையில் உடலெங்கும் பல இருக்கும். நீந்தும்போது பின்னால் ஒன்றுசேர்ந்து ஒரே கட்டாகும். தடிமன் சுமார் 20 நானோமீட்டர், நீளம் உடலைப்போல் சில மடங்கு. பெரும்பாலான படங்களில் தடிமன் பத்து மடங்கு கூட, நீளம் பாதி.

ஓவியா: மேடம், கொரோனா முள்...

மீனாவுக்குச் சொன்ன பதில்.

செந்தில்: செயற்கை நுண்ணறிவு வரைந்த செல் படத்தைப் பயன்படுத்தலாமா?

டிஎன்ஏ திருகு, ஐங்கோண எண்ணிக்கை, ரைபோசோம் அளவு, சவ்வின் இரட்டை அடுக்கு: இந்த நான்கையும் சரிபாருங்கள். ஒன்று தவறினாலும் திருத்துவதைவிடப் புதிதாக வரைவது சுலபம்.

கவின்: மேடம், களத்தை மூச்சுப் பாதைக்கு மாற்ற ஒப்புக்கொண்டார்கள். அளவுகோட்டை எப்போது போடுவது?

இப்போதே, முதல் பென்சில் கோட்டோடு, படத்துக்குள்ளேயே. "10,000 மடங்கு" என்று எழுதாதீர்கள். அச்சில் சுருக்கியதும் அந்த எண் செத்துவிடும், கோடு படத்தோடு சேர்ந்து சுருங்கும். மூச்சுப் பாதை செல்களின் மேல் மயிர்போல நிற்கும் குறு இழைகள் 6, 7 மைக்ரோமீட்டர் உயரம் வரட்டும். வைரஸ் அவற்றுக்கு நடுவே பொடியாகத் தெரியும். அதைப் பெரிதாக்கிக் கேட்டால் தனி வட்டம் கொடுங்கள்.