நிறைவுற்ற கொழுப்பு நஞ்சுக்கொடியின் செல்களை என்ன செய்கிறது?

கர்ப்பகாலத்தில் நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் நஞ்சுக்கொடிக்கு என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தத்தைத் தொட்டபடி இருக்கும் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள்தான் குழந்தைக்கு ஊட்டத்தைக் கடத்துகின்றன, ஹார்மோன்களையும் சுரக்கின்றன. நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களில் ஒன்றான, 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலம் இவற்றுக்குள் அளவுமீறிச் சேர்ந்தால், புரதங்களை மடித்துச் சீராக்கும் எண்டோபிளாச வலை திணறும். அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்கள் கூடும். அது நீடித்தால் செல்லே இறந்துபோகலாம். இவை பெரும்பாலும் ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் கண்டவை, அதனால் ஒருவேளைச் சாப்பாட்டோடு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கூடவே நிறைவுறாக் கொழுப்பான ஒலியிக் அமிலம் இருந்தால் அந்தச் சேதம் நன்றாகக் குறைகிறது. ஏனென்றால் அப்போது பால்மிடிக் அமிலம் செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளுக்குள் பத்திரமாக ஒதுங்கிவிடுகிறது. அப்புறம், பயந்துபோய் கொழுப்பையே நிறுத்திவிடாதீர்கள். குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் டிஹெச்ஏ என்ற கொழுப்பு அமிலம் தேவை, அது நஞ்சுக்கொடி வழியாகத்தான் போகிறது.