இரவில் பிள்ளைகளின் அறைக் கதவைச் சாத்திவிடுவதா, திறந்து விடுவதா?

யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிபோயிருப்பதாகவும், ஒன்பது வயது மகளுக்கும் ஐந்து வயது மகனுக்கும் முதன்முறையாகத் தனித்தனி அறை கிடைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தீ விபத்தைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்தும்படி கனடாவில் இருக்கும் உங்கள் அக்கா சொல்கிறார்; பிள்ளைகள் பயந்து போவார்கள், கூப்பிட்டாலும் கேட்காது, ஆகவே திறந்தே இருக்கட்டும் என்கிறார் உங்கள் மாமியார். வீட்டுப் படம் வரைந்து கட்டட வேலைகளை மேற்பார்வை செய்வது என் தொழில். இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன் என்ற முறையிலும் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளின் அறைக் கதவைச் சாத்திவிடுங்கள், ஆனால் உள்ளே கொண்டி போட விடாதீர்கள். மகன் உறங்கும் வரை அவனுடைய கதவு திறந்திருக்கட்டும். நீங்கள் படுக்கப் போகும்போது அதையும் சாத்திவிட்டுப் போங்கள். காய்ச்சலோ இழுப்போ உள்ள இரவுகளில் பிள்ளை உங்கள் அறையிலேயே படுப்பதுதான் நல்லது. இந்த முடிவு பயன் தர வேண்டுமானால் வீட்டில் சில விடயங்களைச் சரிபார்க்க வேண்டும். கனடாவில் சொல்லப்படும் அறிவுரை நம்முடைய வீடுகளை மனதில் வைத்துச் சொல்லப்பட்டதன்று.

அக்கா சொல்வதற்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் யூ.எல். தீப்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வீடுகளுக்குத் தீ வைத்து அளந்து பார்த்த பரிசோதனைகளில், கதவு திறந்திருந்த அறையின் வெப்பநிலை ஏறக்குறைய 540 பாகை செல்சியஸ் வரை போனபோது, கதவு சாத்திய அறையில் அது 38 பாகை அளவில் நின்றது. உறக்கத்திலேயே ஆளைக் கொல்லும் காபனோரொட்சைட்டு திறந்த அறையில் மில்லியனுக்கு 10,000 பங்காகவும், சாத்திய அறையில் 1,000 பங்காகவும் இருந்தது. ஆயிரம் பங்கும் நல்லதன்று. ஆயினும் தாயோ தகப்பனோ வந்து பிள்ளையைத் தூக்குவதற்கு அது அவகாசம் தருகிறது. அந்த அவகாசம் இக்காலத்தில் மிகவும் குறைந்துவிட்டது. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2012 இல் வெளியிட்ட ஒப்பீட்டில், மரமும் பருத்தியுமாகப் பழைய பாணியில் அமைத்த அறை முழுவதும் தீப்பற்ற 29 நிமிடங்களுக்கு மேல் சென்றது. செயற்கை நுரை மெத்தைக் கதிரையும் பொலியெஸ்ரர் துணியும் நிறைந்த இன்றைய அறைக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. பனையோலைப் பாயிலும் பஞ்சு மெத்தையிலும் நாம் வளர்ந்தோம். இன்று நம்முடைய பிள்ளைகள் நுரை மெத்தையிலேதான் படுக்கிறார்கள். ஆகவே இந்தக் கணக்கு யாழ்ப்பாணத்துக்கும் பொருந்தும்.

ஆனால் அந்தப் பரிசோதனை வீடுகளில் அறையின் சுவர் மேற்தட்டு வரை சென்று முட்டும்; கதவைச் சாத்தினால் அறை உண்மையிலேயே அடைபடும். நம்முடைய ஓட்டு வீடுகளில் சீலிங் அடிக்காத அறைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அறைச்சுவர் ஓர் உயரத்தோடு நின்றுவிட, அதற்கு மேலே கூரையின் அடிப்பகுதி எல்லா அறைகளுக்கும் பொதுவாக இருக்கும். புகை முதலில் மேலே போய்ப் பின்னர் கீழே இறங்குவது. இத்தகைய வீட்டில் குசினியில் எழுந்த புகை சுவருக்கு மேலால் வந்து பிள்ளையின் அறைக்குள் இறங்கும், சாத்திய கதவு அதை மறிக்காது. கொங்கிறீற் கூரை போட்ட வீடுகளிலும் காற்றுக்காகக் கதவு நிலைக்கு மேலே துளைக்கல்லோ திறந்த சட்டமோ வைக்கிறோம். உங்களுடையது புது வீடு என்பதால், உள்விறாந்தைப் பக்கம் பார்க்கும் அந்தத் திறப்பை நிலையான கண்ணாடியால் மூடிவிட்டு, வெளிச்சுவரில் உள்ளதை மட்டும் காற்றுக்கு விட்டுவிடச் சொல்வேன். செலவு பெரிதாக வராது. அதைச் செய்யாமல் கதவைச் சாத்துவதால் கிடைக்கும் பயன் மிகவும் குறைவு.

இரண்டாவது வேறுபாடு இன்னும் பெரியது. வெளிநாட்டில் கதவைச் சாத்தச் சொல்பவர்கள் யன்னலை இரண்டாவது வழியாகக் கணக்கில் எடுத்துத்தான் சொல்கிறார்கள். நம்மிடம் ஒவ்வொரு யன்னலுக்கும் இரும்புக் கம்பி உண்டு. திருடர் பயத்தால் போட்ட கம்பி என்பதால் அதைக் கழற்றும்படி ஒருவருக்கும் நான் சொல்வதில்லை. ஆனால் பிள்ளைகள் படுக்கும் அறையில் ஒரு யன்னலின் கம்பியையாவது பிணைச்சல் வைத்து உள்ளிருந்து திறக்கக் கூடியதாகச் செய்யுங்கள் என்று, நான் படம் வரைந்து கொடுக்கும் வீடு ஒவ்வொன்றிலும் வற்புறுத்துகிறேன். பூட்டுப் போடுவதானால் அதன் திறப்பு அதே அறையில், பெரியவர் கைக்கு எட்டும் ஆணியில் தொங்க வேண்டும். அப்படி ஒரு யன்னல் இல்லாத வரையில் உங்கள் பிள்ளைக்கு வெளியேறும் வழி அந்த ஒரு கதவுதான்.

அதனால்தான் கொண்டி கூடாது என்கிறேன். சாத்துவதும் பூட்டுவதும் நம் வீடுகளில் ஒரே பழக்கமாகிவிட்டன. கதவைச் சாத்து என்றால் பிள்ளை தானாகவே கொண்டியையும் தள்ளிவிடும். உங்கள் மகளின் அறையில் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு கொண்டிகள் இருக்கக்கூடும். இரண்டையும் கழற்றிவிட்டு, கைபிடியை அழுத்தினால் திறக்கும் சாதாரணப் பூட்டை மட்டும் விடுங்கள். அதன் திறப்பும் உங்களிடம் இருக்கட்டும். ஐப்பசியில் மழை தொடங்கினால் மரக்கதவு ஈரத்தில் ஊதி நிலையோடு இறுகும். முதிரைப் பலகை ஓரளவு தாங்கும். மலிவான மரத்தில் செய்த கதவை மார்கழியில் நான் தோளால் தள்ளித் திறந்திருக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளையால் அது முடியுமா? மழைக்காலத்தில் ஒரு மாலை வேளை விளக்கை அணைத்துவிட்டு, அவனை உள்ளே விட்டு, தானாகத் திறந்து வரச் சொல்லிப் பாருங்கள். என் இளைய மகள் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலை நிலையில் ஊன்றி இழுத்த பின்புதான் கதவு அசைந்தது. அன்றே தச்சரை அழைத்து விளிம்பைச் சீவுவித்தோம். அதற்குப் பின்னர்தான் அந்தக் கதவை இரவில் சாத்தத் தொடங்கினோம்.

காற்று விடயத்தில் உங்கள் மாமியாருடைய கவலை நியாயமானது. வெளி யன்னல் திறந்திருந்து மின்விசிறியும் ஓடினால், கதவைச் சாத்துவதால் மூச்சுக்குக் குறை வராது. புழுக்கம் சற்றுக் கூடும், அவ்வளவுதான். ஏசி போட்டு எல்லாவற்றையும் அடைத்த அறைதான் வேறு. சாதாரண வீட்டு ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. இரண்டு பேர் படுத்தால் விடியும்போது காபனீரொட்சைட்டு கணிசமாக ஏறியிருக்கும். அங்கே வெளிப்பக்க யன்னலைச் சிறிதளவு திறந்துவிட்டால் போதும்.

நுளம்புத்திரியைப் பற்றி மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு திரி எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சாத்திய அறைக்குள் அந்தப் புகையில் பிள்ளையைப் படுக்க வைப்பதைவிடக் கதவைத் திறந்து வைத்திருப்பது எவ்வளவோ மேல். வலை கட்டுங்கள், திரியை அறைக்குள் கொண்டுவராதீர்கள். கட்டிலின் கீழே வைத்த திரி, தொங்கும் வலையையோ போர்வையையோ பற்ற வைத்துவிடும் என்ற அபாயமும் இருக்கிறது. கரண்ட் போன இரவில் மெழுகுதிரி, மெத்தையில் போட்டுச் சார்ஜ் ஏற்றும் தொலைபேசி, ஒரே நீட்டிப்பு வயரில் தொங்கும் பல கருவிகள் ஆகியவை பிள்ளையின் அறைக்குள்ளேயே இருந்தால், சாத்திய கதவு தீயைப் பிள்ளையோடு சேர்த்து அடைத்துவிடும். சாமி அறை விளக்கைப் படுக்கப் போகுமுன் மலையேற்றிவிடுவது பெரியவர்களின் வழக்கம்; அதைக் கைவிட வேண்டாம்.

இனிப் பயத்துக்கு வருகிறேன். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது நடு அறையில் அம்மம்மாவின் இரு பக்கமும் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தோம். தனி அறை என்ற பேச்சே இல்லை. அப்படி வந்த நமக்கு, ஐந்து வயதுப் பிள்ளையை ஓர் அறையில் விட்டுக் கதவை மூடுவது நெஞ்சை உறுத்துவது இயல்பு. இருட்டுக்கும் தனிமைக்கும் அந்த வயதுப் பிள்ளைகள் அஞ்சுவதும் இயல்பே. அதை அதட்டி மாற்ற முடியாது. உறங்கும் வரை கதவு திறந்திருக்கும், விறாந்தை விளக்கு எரியும், கூப்பிட்டால் அம்மா வருவா என்பது அவனுக்கு நிச்சயமாக வேண்டும். அவனுக்குத் தெரியாமல் மூடுவதும் சரியன்று. அம்மா படுக்கப் போகும்போது கதவைச் சாத்துவேன், நீ கைபிடியை அழுத்தினால் திறக்கும் என்று பகலிலேயே சொல்லி, அவன் கையாலேயே திறக்கப் பழக்குங்கள். அதற்குப் பின்பும் அவன் கலங்கினால், இன்னும் ஒன்றிரண்டு வருடம் உங்கள் அறையிலேயே படுக்கட்டும். அதில் எந்தக் குறையும் இல்லை, நம்முடைய வீடுகளில் காலங்காலமாக அப்படித்தான் நடந்துவந்திருக்கிறது. கைக்குழந்தை உள்ளவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை: அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட, முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையில், ஆனால் தனிப் படுக்கையில் உறங்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

கூப்பிட்டால் கேட்குமா என்ற கேள்விக்குக் கருவிதான் விடை. மின்கலத்தில் இயங்கும் புகை எச்சரிக்கைக் கருவி கனடாவில் வீட்டுக்கு வீடு இருப்பது. அக்கா அடுத்த முறை வரும்போது இரண்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒன்றைப் பிள்ளைகளின் அறைகளுக்கு வெளியே விறாந்தையின் மேற்தட்டிலும், மற்றதை உங்கள் அறையிலும் பொருத்துங்கள். அந்த ஒலி பிள்ளையை எழுப்பிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் 34 பிள்ளைகளை வைத்துச் செய்த பரிசோதனையில் பெரும்பாலானோர் அந்த ஒலியிலும் உறங்கிக்கொண்டே இருந்தார்கள். எழ வேண்டியவர்கள் நீங்கள். எழுந்து யார் எந்தப் பிள்ளையிடம் போவது என்பதைக் கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெளிவாசல் கிறில் கதவின் திறப்பு இரவில் எங்கே இருக்கும் என்பது மாமியார் உட்பட எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மகளுக்கு ஒன்பது வயது என்பதால் இவற்றை அவளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். புகை மணத்தால் விழித்தால் முதலில் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் திறக்கக் கூடாது. போர்வையைக் கதவின் அடி இடைவெளியில் திணித்துவிட்டு, யன்னலடியில் நின்று உரத்துக் கூப்பிட வேண்டும். சூடில்லையென்றால் குனிந்தபடி வெளியே வந்து, கதவைத் தன் பின்னால் சாத்திவிட்டு, நேரே முற்றத்துக்குப் போக வேண்டும். தம்பியைத் தேடி அவள் உள்ளே திரும்பிப் போகக் கூடாது என்பதையும், அவனை எடுத்துவர நீங்கள் போவீர்கள் என்பதையும் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.