கேளுங்கள் சொல்கிறோம்: பிரான்ஸுக்குப் போகிறீர்களா?

ஆங்கிலத்தில் பேசினால் பிரெஞ்சுக்காரர்கள் முகம் கொடுக்க மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? ஜூனில் பெற்றோருடன் பாரிஸ் போகிறேன்.
– வாசகி, தஞ்சாவூர்

பெரும்பாலும் கோபம் ஆங்கிலத்தின் மேல் இல்லை; வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்கியதில்தான். கடைக்குள் நுழைந்ததும் நேராக "இது என்ன விலை?" என்று கேட்பது நமக்கு இயல்பு. அங்கே அது, ஒருவர் வீட்டுக்குள் போய் அவரைக் கண்டுகொள்ளாமல் அலமாரியைத் திறப்பதைப் போல. முதல் சொல் "போன்ஜூர்" ஆகத்தான் இருக்க வேண்டும். பெண்ணென்றால் "போன்ஜூர் மதாம்", ஆணென்றால் "போன்ஜூர் மஸியோ" என்பது இன்னும் நல்லது. ஒரு நொடி நிறுத்தி அவர் பதில் வணக்கம் சொன்ன பிறகு, "பார்லே வூ ஆங்க்லே?" (ஆங்கிலம் பேசுவீர்களா?) என்று கேளுங்கள். மாலை ஐந்து, ஆறு மணிக்கு மேல் "போன்ஸ்வார்".

பேருந்து ஓட்டுநர், ரொட்டிக்கடை, மருந்துக்கடை, அருங்காட்சியக வாசலில் பை சோதிப்பவர் என எல்லோருக்கும் இதே முறைதான். எதுவும் வாங்காமல் வெளியே வந்தாலும் "மெர்ஸி, ஓ ர்வுவார்" (நன்றி, போய் வருகிறேன்) சொல்லிவிட்டு வாருங்கள். பெற்றோருக்கு வேறு பிரெஞ்சு எதுவும் வேண்டாம். இந்த மூன்று சொற்களை மட்டும் பழக்கிவிடுங்கள்.

நாங்கள் சைவம். உணவகத்தில் எப்படிக் கேட்பது? தண்ணீருக்குக்கூடக் காசு என்கிறார்களே?
– வாசகர், கும்பகோணம்

முதலில் நேரம். மதியச் சாப்பாடு 12 முதல் 2 மணி வரை. இரவு 7 அல்லது 7.30க்குத்தான் தொடங்கும். இடையில் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஊர் சுற்றிவிட்டு 3 மணிக்குப் பசியோடு வந்தால் காப்பிதான் கிடைக்கும். "சர்வீஸ் கோன்தினியு" என்று பலகை இருந்தால் இடைவேளை இல்லாமல் உணவு உண்டு என்று பொருள்.

"மெனு" என்று கேட்காதீர்கள். அங்கே மெனு என்பது ஒரே விலையில் இரண்டு மூன்று பதார்த்தங்கள் சேர்ந்த சாப்பாடு. உணவுப் பட்டியல் வேண்டுமென்றால் "லா கார்த்". அதில் "ஆந்த்ரே" என்பது முதலில் வருவது, "ப்ளா" என்பதுதான் முக்கிய உணவு.

"வெஜிடேரியன்" என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். "வியாந்த்" (இறைச்சி) வேண்டாம் என்றால் மீனோ, துண்டு போட்ட பன்றி இறைச்சியோ தட்டில் வந்துவிடலாம். பலருக்கு அவை வியாந்த் கணக்கில் சேராது. எனவே பிரித்துச் சொல்லுங்கள்: "ஸான் வியாந்த், ஸான் புவாஸோன், ஸான் ஜாம்போன்" (இறைச்சி, மீன், பன்றி இறைச்சி இல்லாமல்). காய்கறி சூப்பைக் கோழிச்சாற்றில் செய்திருக்கலாம். பச்சைக் காய் சாலட்டில் "லார்தோன்" என்ற பன்றிக் கொழுப்புத் துண்டுகள் கிடக்கலாம். இரண்டையும் முன்பே கேளுங்கள். முட்டையும் கூடாதென்றால் பிரெஞ்சில் எழுதிய சீட்டைக் காட்டுவதே நல்லது. முட்டைக்கான பிரெஞ்சுச் சொல்லில் (œuf) ஒருமையில் கடைசியில் "ஃப்" ஒலிக்கும். பன்மையில் அதுவும் மறைந்துவிடும், நம் வாயில் சரியாக வராது.

நம் சாப்பாட்டுக்கு ஏங்கினால், பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள லா ஷப்பேல் பகுதிக்குப் போங்கள். ஈழத்தமிழர் வாயில் அது லாச்சப்பல். தோசை, இடியாப்பம், மளிகை எல்லாம் தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

தண்ணீர்: "வாட்டர்" என்றால் காசுள்ள பாட்டில் வரும். "யுன் கராஃப் தோ, ஸில் வூ ப்ளே" (ஒரு குடுவைத் தண்ணீர், தயவுசெய்து) என்றால் சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் இலவசம். ரொட்டிக்கும் தனிக்காசு இல்லை. அதைத் தட்டில் வைக்காமல் மேசைமேலேயே வைப்பது வழக்கம், தயங்க வேண்டாம்.

சாப்பிட்டு முடித்தும் பில் வரவில்லை என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். டிப்ஸ் எவ்வளவு?
– வாசகர், மதுரை

அழைக்காமல் பில்லை நீட்டுவது "எழுந்து போங்கள்" என்பதாகிவிடும் என்று அவர்களாகக் கொண்டுவர மாட்டார்கள். கையை லேசாக உயர்த்தி "லதிஸியோன், ஸில் வூ ப்ளே" என்று கேளுங்கள். விரலைச் சொடுக்காதீர்கள், "கார்ஸோன்" (பையா) என்றும் கூப்பிடாதீர்கள். பட்டியலில் உள்ளது சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்த விலை. மனம் நிறைந்தால் ஓரிரு யூரோ வைக்கலாம், கட்டாயமில்லை.

எண்கள் குழப்புகின்றன. ஒரு வழி சொல்லுங்களேன்.
– வாசகி, திருச்சி

70 என்பது அறுபது-பத்து, 80 நான்கு-இருபது, 90 நான்கு-இருபது-பத்து. தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். தவறு அங்கேதான் நேரும். "ஸுவாஸான்த்" (அறுபது) காதில் விழுந்ததும் 6 என்று எழுதிவிடுவோம். அடுத்து "தூஸ்" (பன்னிரண்டு) வந்தால் அது 72. ஆகவே ஜோடி முழுதும் முடியும்வரை எழுதத் தொடங்காதீர்கள். விலையென்றால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் கையெழுத்தில் 1 நம் 7 போல நீண்ட கொக்கியோடு இருக்கும். 7இன் நடுவே ஒரு கோடு இருக்கும்.

காய்ச்சல் மாத்திரை சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்குமா?
– வாசகர், சேலம்

கிடைக்காது. பாராசிட்டமால்கூடப் பச்சைச் சிலுவை விளக்கு எரியும் "ஃபார்மஸி"யில்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலானவை மூடியிருக்கும். கதவில் ஒட்டியுள்ள தாளில் பணியிலிருக்கும் கடை பற்றிய விவரம் இருக்கும். அவசரத்துக்கு 112.